தேரும் திரளும்

நெடும்பயணம் ஒன்றைத் தொடங்கியவரும் அதை முடித்து இறங்குபவரும் ஒருவரே என்பதை உலக வழக்கில் எவரும் ஐயுறுவதில்லை. பயணச்சீட்டு, கடவுச்சீட்டு, எல்லைச் சாவடியில் குத்தப்படும் முத்திரை, நிலைய வாயிலில் காத்து நிற்கும் உறவினரின் எதிர்பார்ப்பு ஆகிய அனைத்தும் அந்த உறுதியின்மேல்தான் நிற்கின்றன. ஆயினும், மாறிக்கொண்டே இருக்கும் உடலுக்கும் எண்ணங்களுக்கும் அடியில் மாறாத ஒருவர் உண்டா என்னும் வினாவைப் போல இந்தியத் தத்துவ மரபில் நூற்றாண்டுக் கணக்கில் வழக்காடப்பட்டவை மிகச் சிலவே. அப்படி ஒருவர் இல்லை என்றனர் பௌத்தர்; நிலைத்த ஆன்மாவை மறுக்கும் அக்கொள்கைக்கு அனான்மவாதம் என்று பெயர். உண்டு என்று நையாயிகரும் சமணரும் சைவ சித்தாந்திகளும் தத்தம் வழியில் நிறுவ முயன்றனர். இவ்வழக்கு பெரும்பாலும் தனிமனிதரைப் பற்றியதாகவே படிக்கப்பட்டு வருகிறது. அதே வாதங்கள் மக்கள் கூட்டத்தைப் பற்றியும் சொல்வன உண்டு என்பதும், இன்றைய நகர வாழ்வுக்கு அந்தப் பகுதியே மிக நெருக்கமானது என்பதும் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. நாடுகளைக் கடந்து ஓடி, பெருநகர் ஒன்றின் நடுவே கொண்டுபோய் இறக்கிவிடும் ரயில் பயணம், இவ்விரண்டையும் ஒருசேர ஆராய்வதற்கு ஏற்ற களம்.

மாஸ்கோவிலிருந்து மங்கோலியா வழியாகப் பெய்ஜிங் சென்ற ரயிலை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 60 ஆண்டுகள் இயங்கி, 2020இல் பெருந்தொற்றின்போது நிறுத்தப்பட்ட அந்த வண்டி, 7,800 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவை ஆறு நாளில் கடந்தது. யூரல் மலைகளையும் சைபீரியக் காடுகளையும் தாண்டி, 1,642 மீட்டர் ஆழமுள்ள பைக்கால் ஏரியின் தென்கரையை ஒட்டி ஓடி, உலான்-உதே நகரை அடுத்துத் தெற்கே திரும்பி, மங்கோலியப் புல்வெளியிலும் கோபிப் பாலையிலும் இறங்கி அது சீனாவுக்குள் நுழைந்தது. ரஷ்யாவில் பெரும்பாலும் மின் எஞ்சினும் மங்கோலியாவில் டீசல் எஞ்சினும் அதை இழுத்தன. உணவுப் பெட்டி ஒவ்வொரு நாட்டின் எல்லையிலும் கழற்றப்பட்டு, அடுத்த நாட்டின் உணவுப் பெட்டி இணைக்கப்பட்டது. கடிகாரமும் நிலையாக இல்லை: 2018 வரை ரஷ்ய ரயில்வே தன் கால அட்டவணை முழுவதையும் மாஸ்கோ நேரத்திலேயே வைத்திருந்ததால், இர்குத்ஸ்க் நகரில் விடிந்து ஐந்து மணி நேரம் ஆன பின்னரும் நிலையத்துக் கடிகாரம் விடியற்பொழுதையே காட்டிக்கொண்டிருந்தது. எல்லையைக் கடந்ததும் அந்த ஐந்து மணி நேரம் ஒரே நொடியில் கணக்கிலிருந்து மறைந்துபோனது.

இவற்றையெல்லாம் விஞ்சும் மாற்றம் சீன எல்லை நகரான எர்லியானில் நிகழ்ந்தது. ரஷ்யாவிலும் மங்கோலியாவிலும் இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1,520 மில்லிமீட்டர். சீனாவிலோ 1,435 மில்லிமீட்டர். இந்த 85 மில்லிமீட்டர் வேறுபாட்டால் எந்தப் பெட்டியும் அப்படியே தொடர்ந்து ஓட முடியாது. ஆகவே பெட்டிகள் நீண்ட கொட்டகை ஒன்றினுள் கொண்டுசெல்லப்பட்டு, ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கப்பட்டு, பயணிகள் உள்ளே அமர்ந்திருக்கும்போதே பளுதூக்கிகளால் உயர்த்தப்பட்டன. ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் சக்கரங்களையும் அச்சுகளையும் தாங்கும் இரு சட்டங்கள் உண்டு. ரயில்வேத் தொழிலாளர் போகி என்பது இவற்றைத்தான். அகன்ற பாதைக்குரிய போகிகள் உருட்டி வெளியேற்றப்பட, குறுகிய பாதைக்குரியவை அவற்றின் இடத்திற்குத் தள்ளப்பட்டு, பெட்டி மெல்ல இறக்கி அவற்றின்மேல் அமர்த்தப்பட்டது. சன்னலருகே இருப்பவர் தம் பெட்டி ஆளுயரத்திற்கு எழுவதையும், பக்கத்துப் பெட்டி கால்களற்று அந்தரத்தில் நிற்பதையும் விளக்கொளியில் பார்க்கலாம். அடியிலிருந்து இரும்பின் ஓசை வரும், மேசைமேல் உள்ள தேநீர்க் குவளை இலேசாக அதிரும், படுத்துறங்கும் குழந்தை விழிக்காமலும் இருக்கும். சில மணி நேரத்திற்குப் பின் புறப்படுவது அதே ரயில் என்று அனைவரும் சொல்வர். எஞ்சின் வேறு, உணவுப் பெட்டி வேறு, சக்கரங்கள் வேறு என்றான பின், அதே என்று சொல்லப்படுவது எது என்பதுதான் வினா.

இவ்வினாவை ஏறக்குறைய இதே வடிவில் எழுப்பிய பழைய நூல் ‘மிலிந்த பஞ்ஹ’ என்னும் பாலி நூலாகும். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் வடமேற்கை ஆண்ட கிரேக்க மன்னர் மெனாந்தரே இதில் மிலிந்தர் எனப்படுகிறார். அவருக்கும் நாகசேனர் என்னும் பிக்குவுக்கும் நடந்த உரையாடலாக நூல் அமைந்துள்ளது. தம்மை நாகசேனர் என்று அழைப்பது வழக்கு மட்டுமே, அப்பெயருக்குரிய நிலைத்த ஒருவர் இல்லை என்று பிக்கு கூற, அப்படியானால் அறம் செய்பவர் யார், பயனை அடைபவர் யார் என்று மன்னர் மடக்குகிறார். அதற்கு நாகசேனர், மன்னர் நடந்து வந்தாரா, தேரில் வந்தாரா என்று கேட்கிறார். தேரில் வந்தேன் என்றதும், அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா, கடிவாளம் தேரா, இவை அனைத்தின் தொகை தேரா, இவற்றுக்குப் புறம்பான ஒன்று தேரா என்று அடுக்கிச் செல்கிறார். எதற்கும் ஆம் என்று சொல்ல இயலாத மன்னர், இவ்வுறுப்புகளைச் சார்ந்தே தேர் என்னும் பெயர் வழங்குகிறது என்று தாமே ஒப்புக்கொள்கிறார். மனிதரும் அவ்வாறே, உருவம், நுகர்ச்சி, குறிப்பு, செய்கை, அறிவு என்னும் ஐந்து தொகுதிகளைச் சார்ந்து எழும் பெயரே ஆள் என்பது நாகசேனரின் முடிவு. ஐந்து கந்தங்கள் எனப்படும் இத்தொகுதிகளுக்கு வெளியே ஆறாவதாக எதையும் பௌத்தர் ஏற்கவில்லை. இந்நூலின் ஒரு வடிவம் கி.பி. 4ஆம் நூற்றாண்டளவிலேயே சீன மொழியில் இருந்தது. ஆகவே, எர்லியான் கொட்டகைக்குப் பொருந்தும் வாதம் ரயிலுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்நாட்டை அடைந்துவிட்டது.

கிரேக்க மரபிலும் இதன் நிழல் உண்டு. தீசியஸ் என்னும் வீரரின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் பலகை பலகையாகப் புதுப்பித்துக் காத்துவந்ததால், அது அதே கப்பலா என்று அறிஞர்கள் வழக்காடினர் என புளூடார்க் எழுதியுள்ளார். ஆனால் கிரேக்கர் வினா பொருளோடு நின்றுவிட, நாகசேனரின் வினா தேரில் ஏறியவரிடமே திரும்புகிறது. அதன் கூர்மை அங்கேதான் இருக்கிறது. பெட்டியின் அடியில் சக்கரம் மாறியதைப் பயணி எளிதில் ஒப்புவார். அந்த ஆறு நாளில் தம்முள்ளும் அதே போன்று எல்லாம் மாறிவிட்டது என்பதை அவ்வளவு எளிதில் ஒப்பமாட்டார்.

எதிர்வாதங்கள் வலுவற்றவை அல்ல. நையாயிகரின் மூலநூலான நியாய சூத்திரம் நினைவையும் மீட்டறிதலையும் சான்றாகக் காட்டுகிறது: கண்ணால் கண்ட பொருளையே கையால் தொட்டும் அறிகிறேன் என்று ஒருவர் உணர்வதற்கு, கண்ணும் கையும் அல்லாத, இரண்டையும் ஒன்றிணைக்கும் ஒருவர் வேண்டும், நேற்றுப் பார்த்ததை இன்று நினைப்பதற்கும் அவ்வாறே. இது வலிய வாதம் என்பதை மறுக்க இயலாது. யூரலில் பார்த்த பனியைக் கோபியில் நினைப்பவர் ஒருவர் இல்லையென்றால் அவை இரண்டும் ஒரே பயணத்தின் பகுதிகள் ஆவது எப்படி? தமிழில் சமண நூலான நீலகேசி பௌத்த ஆசிரியர்களோடு நேரில் வாதிட்டது; 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உடலும் பொறிகளும் உயிர்ப்பும் அல்லாத ஆன்மா உண்டெனக் காரணங்களோடு நிறுவினார்; அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தரின் நான்கு பிரிவினரையும் தனித்தனியே எடுத்து மறுத்தார். பௌத்தருக்குள்ளேயே வாத்சீபுத்திரியரும் அவர் வழிவந்த சம்மிதீயரும், ஆள் என்பது கந்தங்களே என்றும் சொல்ல முடியாது, அவற்றின் வேறு என்றும் சொல்ல முடியாது என்றனர். விறகின்றி நெருப்பு இல்லை, ஆயினும் விறகே நெருப்பு அன்று என்பது அவர்கள் காட்டிய உவமை. பௌத்த அறிஞர் வசுபந்து தம் அபிதர்மகோசத்தின் இறுதிப் பகுதியில் பெரும்பங்கை இவர்களை மறுக்கவே செலவிட்டார் என்பதிலிருந்து, அக்கொள்கைக்கு இருந்த செல்வாக்கை உணரலாம்.

பௌத்தரின் விடை தொடர்ச்சி என்னும் கருத்தில் இருக்கிறது. இரவு முழுதும் எரியும் விளக்கின் முதற்சாமச் சுடரும் கடைச்சாமச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல. முன்னதைச் சார்ந்து பின்னது எழுகிறது. நினைவும் அவ்வாறு சார்ந்தெழுவதே என்பது அவர் கருத்து. பொறுப்பு அழிந்துவிடுமே என்ற மன்னரின் அச்சத்திற்கும் நாகசேனர் மாங்கனித் திருடனைக் காட்டி விடை சொல்கிறார்: தோட்டக்காரர் நட்ட கனி வேறு, தான் பறித்த கனி வேறு, ஆகவே தான் திருடவில்லை என்று அவன் வாதிட்டால் எந்த அரசரும் ஏற்கமாட்டார், ஏனெனில் பறித்த கனி நட்ட கனியின் வழிவந்தது. எல்லைச் சாவடி அதிகாரி புகைப்படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து முத்திரையிடுவதற்குத் தேவையானதும் இந்த வழிவருகையே. நிலைத்த ஆன்மா உண்டா என்பதை அவர் முடிவுசெய்யத் தேவையில்லை.

இந்த ரயில் செல்லும் வழியிலேயே, கண்முன் நிற்கும் சான்று ஒன்றும் உண்டு. மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரின் கந்தன் மடத்தில், அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவரின் 26.5 மீட்டர் உயரமுள்ள சிலை நிற்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட பழைய சிலை, சமயத்தை ஒடுக்கிய ஆட்சியில் 1930களின் இறுதியில் பிரித்து அகற்றப்பட்டது. இன்றுள்ளது மக்களின் காணிக்கையால் 1996இல் எழுப்பப்பட்டது. பழைய உலோகத்தில் எதுவும் இதில் இல்லாதபோதும், அங்கு வலம்வரும் முதியவர்கள் இதனைப் புதிய சிலையாகக் கருதுவதில்லை. இழந்தது திரும்பி வந்தது என்றே கருதி வணங்குகின்றனர். (தமிழ் அறிந்தவர்க்கு இப்பெயர் அயலானது அன்று, அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று வீரசோழியம் என்னும் இலக்கண நூல் கூறுகிறது.) உறுப்புகளில் ஒன்றும் எஞ்சாத இடத்திலும் அடையாளத்தைத் தாங்குவது மக்களின் நினைவும் வழிபாடும்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேடுவது அரிது.

இதுவரை சொன்னது தனியொருவரைப் பற்றியது. ரயில் பெட்டியின் வாழ்க்கை அடுத்த படிக்கு இட்டுச்செல்கிறது. நான்கு படுக்கைகள் கொண்ட சிற்றறையில் ஒருவரையொருவர் அறியாத நால்வர் நாள்கணக்கில் வாழ வேண்டியிருக்கிறது. சன்னலடியில் உள்ள சிறு மேசையைப் பங்கிட வேண்டும்; கீழ்ப்படுக்கைக்காரர் எழும்வரை மேற்படுக்கைக்காரர் அமர இடம் இராது; நடைக்கூடத்தின் கோடியில் நிலக்கரியால் சூடேறும் வெந்நீர்க் கலத்துக்கு யாரேனும் ஒருவர் சென்று நால்வருக்கும் சேர்த்து நீர் கொண்டுவருவார். 19ஆம் நூற்றாண்டில் ரயிலும் டிராமும் வருவதற்கு முன், பேசாமலே ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நிலை மனிதருக்கு ஏற்பட்டதில்லை என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மெல் எழுதினார். நகர வண்டிகளுக்கு அது பொருந்தும். நெடுந்தொலைவு வண்டியில் அம்மௌனம் நீடிப்பதில்லை. முதல் நாள் வெறும் மூட்டையும் காலணியுமாகத் தெரிந்தவர், மூன்றாம் நாள் இருமும் ஓசையாலும், ரொட்டி அறுக்கும் முறையாலும், மகளின் படத்தை எடுத்துக் காட்டும் தயக்கத்தாலும் ஓர் ஆளாகிவிடுகிறார். நாகசேனர் சொன்னபடி, உறுப்புகளைச் சார்ந்து ஆள் என்னும் பெயர் உருவாவதை இங்கே நேரிலேயே காணலாம். அதற்குத் தேவைப்பட்டது காலமும் அருகிருப்பும், அவ்வளவே.

பிறகு ரயில் பெய்ஜிங்கை அடைகிறது. 1959இல் கட்டப்பட்ட பெய்ஜிங் நிலையத்தின் இரு கடிகாரக் கோபுரங்களுக்கு முன்னுள்ள வெளியில், எந்த நேரத்திலும் ஆயிரக்கணக்கானோர் மூட்டைகளோடு நிற்கின்றனர், அமர்ந்திருக்கின்றனர், கடந்து செல்கின்றனர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 2.19 கோடி. ஆறு நாள் மூவரை மட்டுமே அருகில் கண்டு பழகிய பயணியின் முன் இப்போது இருப்பவர்களை அவர் மனம் ஆட்களாகக் கொள்வதில்லை. கூட்டம் என்னும் ஒற்றைப் பொருளாகவே கொள்கிறது. கூட்டம் நெருக்குகிறது, கூட்டம் வழிவிட மறுக்கிறது, கூட்டம் களைப்பூட்டுகிறது. பெருநகரம் ஓயாமல் எறியும் புலன் தூண்டல்களைத் தாங்க முடியாத உள்ளம் தன்னை மரத்துப்போகச் செய்துகொள்கிறது என்று சிம்மெல் 1903இல் காட்டிய நிலை இதுவே. அதை அவர் குற்றமாகக் கொள்ளவில்லை, தற்காப்பாகவே கொண்டார்; அது நியாயமான கருத்துதான். ஆயினும் அந்தத் தற்காப்புக்குள் ஒரு தத்துவப் பிழை ஒளிந்திருக்கிறது.

அப்பிழையைச் சுட்டியவர் 8ஆம் நூற்றாண்டில் நாளந்தாவில் வாழ்ந்ததாக மரபு கூறும் சாந்திதேவர். தம் போதிசர்யாவதாரத்தின் எட்டாம் இயலில் அவர், தொடர்ச்சி என்பதும் தொகை என்பதும் வரிசையையும் படையையும் போலப் பெயரளவிலானவை என்கிறார். நிற்பவர்களுக்குப் புறம்பாக வரிசை என்று ஒன்று இல்லை. வீரர்களுக்குப் புறம்பாகப் படை என்று ஒன்று இல்லை. அவ்வாறே ஆளும் பெயரளவினதே என்றால், துன்பத்திற்கு உடையவர் என்று ஒருவர் இல்லை. உடையவர் இல்லாத துன்பத்தில் என்னுடையது, பிறருடையது என்னும் பிரிவுக்கும் இடமில்லை. துன்பம் என்பதனாலேயே அது எங்கிருந்தாலும் நீக்கப்பட வேண்டியதாகிறது. உரையாசிரியர்கள் இவ்வாதத்தின் பின்பாதியை, அதாவது தன்னலத்தைக் கரைக்கும் பகுதியை, விரிவாக எடுத்துரைப்பர். முன்பாதியில் வரிசையும் படையும் உவமையாக வந்திருப்பதையும் அதே கவனத்தோடு பார்க்க வேண்டும், ஏனெனில் இவை இரண்டும் மக்கள் கூட்டத்தின் வடிவங்கள். தேரின்மேல் செலுத்திய ஆராய்ச்சியை நிலைய முற்றத்தின்மேல் செலுத்தினால் முதலில் கரைவது கூட்டமே.

இந்த ஒரு முடிவில் பௌத்தரும் அவரை மறுத்தவர்களும் உடன்படுகின்றனர் என்பது வியப்புக்குரியது. சைவ சித்தாந்தத்தில் ஆன்மாக்கள் எண்ணற்றவை, ஒவ்வொன்றும் அநாதியாக உள்ளது, ஒவ்வொன்றும் தன் வினைக்கும் தன் பக்குவத்துக்கும் ஏற்ப அருளைப் பெறுவது. சமணரும் உயிர்களை எண்ணற்றவை என்றே கொண்டனர். இக்கொள்கைகளிலும் உயிர்களைத் தவிரக் கூட்டம் என்று தனிப்பொருள் எதுவும் இல்லை. ஆள் இல்லை என்பவருக்கும் கூட்டம் இல்லை. ஆள் உண்டு என்பவருக்கும் கூட்டம் இல்லை. இரு தரப்பாருக்கும் எதிராக நிற்பது எந்தத் தரிசனத்திலும் எழுதப்படாத, ஆனால் நாள்தோறும் கடைப்பிடிக்கப்படும் மூன்றாவது கொள்கை: நான் ஓர் ஆள், இவர்கள் கூட்டம் என்பது. தனக்கு மட்டும் நையாயிகரின் நிலைத்த ஆன்மாவை வைத்துக்கொண்டு, பிறரைப் பௌத்தரின் வெறும் தொகையாகக் கரைக்கும் இக்கொள்கைக்கு எந்த வாதத்திலும் ஆதாரம் இல்லை. நிலைய முற்றத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் வந்திறங்கிய பயணியும் அதே கூட்டத்தின் ஒரு துணுக்கே என்பதை எண்ணினால், அதன் முரண் உடனே புலப்படும்.

மிலிந்தர் நாகசேனரை முதன்முதல் கண்டதும் திரளின் நடுவில்தான். எண்பதாயிரம் பிக்குகள் சூழ இருந்தவரைத் தமக்குச் சுட்டிக்காட்ட வேண்டாம் என்று சொல்லி, மன்னர் தாமே தேடி அடையாளம் காண்கிறார். ஆள் இல்லை என்று நிறுவப்போகும் நூல், இத்தனை பேரிடையே ஒருவரை அடையாளம் காணும் காட்சியை முன்னே வைப்பதைத் தற்செயலாகக் கொள்வதற்கில்லை. பெயர் வழக்களவிலானது என்பதற்குப் பெயர் பயனற்றது என்று பொருளாகாது. பொருளின் இயல்பை ஆராயும் உயர்நிலையையும், மக்கள் பேசிப் பழகும் வழக்குநிலையையும் பௌத்தர் இரு வாய்மைகள் எனப் பிரித்தனர். முன்னது பின்னதை அழிப்பதில்லை.

இங்கு எழும் தடை எளிதானது அன்று: இரண்டு கோடிப் பேரையும் ஆட்களாகக் காண எவராலும் இயலாது, ரயிலறையில் மூவருக்குத் தந்த காலத்தையும் அருகிருப்பையும் நகரத்துக்குத் தர முடியாது, ஆகவே இத்தத்துவம் கேட்பது நடவாத ஒன்று. சாந்திதேவரின் வாதத்தைச் சரியாகப் பற்றினால் இத்தடை தளர்கிறது. அவர் பிறரது வாழ்க்கைக் கதையை அறியச் சொல்லவில்லை. எதிர்ப்படும் துன்பத்தை, அது யாருடையது என்று கேளாமல், துன்பமாகக் காணச் சொல்கிறார். படியில் பெட்டியைத் தூக்க முடியாமல் நிற்பவருக்குக் கை கொடுப்பதற்கு அவர் பெயர் தெரிய வேண்டியதில்லை.

தமிழில் இதன் முழு வடிவம் மணிமேகலைக் காப்பியத்தில் உண்டு. புகார் பல நாட்டாரும் பல மொழியாரும் கலந்து வாழ்ந்த நெரிசலான துறைமுகம். அங்கே உலகவறவி என்னும் பொது அம்பலத்தில் அமுதசுரபியோடு நின்ற மணிமேகலை, வந்தவர் யார், எவ்வூரார் என்று வினவவில்லை. பசி ஒன்றே போதிய தகுதியாயிற்று. பின்னர் அவளும் தன் உருவில் நிற்கவில்லை. தன்னை விரும்பித் தொடர்ந்த சோழ இளவரசன் உதயகுமரனுக்கு அஞ்சி, காயசண்டிகை என்பவளின் வடிவை மேற்கொண்டாள். கொடுப்பவளின் உருவம் அவளுடையது அன்று, பெறுபவரின் பெயர் அவளுக்குத் தெரியாது, ஆயினும் கொடை குறைவின்றி நடந்தது. சீத்தலைச் சாத்தனார் இதில் இடரையும் மறைக்கவில்லை. அந்த உருவைத் தன் மனைவி என்று நம்பிய காஞ்சனன், அவளோடு பேச நெருங்கிய உதயகுமரனை வாளால் வெட்டினான்; உருவத்தை ஆள் என்று கொண்ட பிழை ஓர் உயிரைப் பலிகொண்டது. அதற்கு முன்பே அதே உருவில் அவள் சிறைக்கோட்டத்துக்குள் சென்று, உலகத்தார் குற்றவாளிகள் என்று ஒரே சொல்லால் ஒதுக்கியிருந்தவர்களின் பசியைத் தீர்த்திருந்தாள். என்ன வேண்டும் என்று சோழ மன்னன் கேட்டபோது, அச்சிறையையே அறம் செய்யும் இடமாக மாற்றித் தருமாறு கேட்டுப் பெற்றாள்.